மாப்பிள்ளை இடத்தில் என் பெயர்

சென்ற மாதம் எங்கள் பழைய துறையிலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே பஸ்ஸில்தான் வந்திருக்கிறார்கள்; ஆனால் ஒருவர் முன் சீட்டில், ஒருவர் கடைசி சீட்டில். இருவரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. மூத்தவன் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். நான் ஓய்வுபெற்றவன்தான், ஆனால் மூத்தவன் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முதுமையை என் முழங்கால் மட்டும்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்றேன். பெயர் விஷயத்தில் எனக்கு இருப்பதெல்லாம் உடம்பு வெடவெடத்த அனுபவம் ஒன்றுதான்.

"அதையாவது எழுதிக் குடுங்க சார். ஆண்டு மலர்ல போட்டுடறோம்."

"யார் பேருல போடுவீங்க?" என்று கேட்டேன். வந்ததிலிருந்து அப்போதுதான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குக் கணக்கு வராது என்பதால் பௌதிகம் போயிற்று. மூக்கு எரியும் என்பதால் ரசாயனம் போயிற்று. மிச்சமிருந்தது கல். கல் எதிர்த்துப் பேசாது என்று நம்பி நிலவியல் படித்தேன். படித்து முடித்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டிருந்ததால், திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என்னைக்கூட டெமான்ஸ்ட்ரேட்டராக எடுத்துக்கொண்டார்கள். தற்காலிக வேலை. எனக்கு முன் அந்த இடத்திலிருந்த சவரிமுத்து, அரியலூர் அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் கல்லைச் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய மேஜை, ஸ்டூல், சாவிக்கொத்து எல்லாம் எனக்கு வந்தன.

வேலை என்னவென்றால், களத்திலிருந்து வந்து இறங்கும் கற்களுக்குப் பணிவிடை. ஒவ்வொரு கல்லும் பழைய செய்தித்தாளில் சுற்றி, எங்கே எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டோடு வரும். பிரித்து, கழுவி, காயவைத்து, மூலையில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு காய்ந்தபின் அதன்மேல் கறுப்பு மையில் எண். சீட்டையும் கல்லையும் ஒரு கணம்கூடப் பிரிக்கக்கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல், பெற்றோர் பெயர் தெரியாத வரன் மாதிரி. எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் பயனில்லை. சேர்ந்த முதல் வாரமே காற்றாடிக்குக் கீழே தட்டை வைத்து, ஒரு தட்டுச் சீட்டுகளைப் பறக்கவிட்டேன். அவற்றைப் பிடிக்க நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே புரொபசர் உள்ளே வந்தார்.

எங்கள் புரொபசர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைப்பார். சாதாரணக் கோபத்துக்கு ஒரு பக்கக் கண்ணாடி, பெரிய கோபத்துக்கு இரண்டு பக்கமும். துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, "சாப்டீங்களா?" என்பார். காலை பத்து மணிக்கும் அதே கேள்வி. 'நீ செய்தது தப்பு, நான் சொல்லப்போவதில்லை, நீயே கண்டுபிடி' என்று அதற்கு அர்த்தம். வயிறு புடைக்கத் தின்றுவிட்டு வந்திருந்தாலும் அதைக் கேட்டதும் எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும். ஏசியிருந்தால் திருப்பி மனசுக்குள்ளாவது ஏசலாம். சாப்பிட்டாயா என்று கேட்கிற மனிதரை என்ன செய்வது?

அவர் கட்டுரை எழுதுவதும் ஒரு முறைதான். அறையில் நடந்துகொண்டே சொல்லுவார், டைப்பிஸ்ட் அடிப்பார். தலைப்புக்குக் கீழே நாலு விரற்கடை வெற்றிடம் விட்டுவிட வேண்டும். அந்த இடத்தைக் கடைசி நாளன்றுதான் நிரப்புவார், பச்சை மையில், தன் கையால். அதற்கு அவர் வைத்திருந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வழக்கம். வீட்டுக்குப் பெரியவர் பெயர் முதலில், ஆகவே பிரின்சிபால். பிரின்சிபால் லத்தீன் படித்தவர். மியூசியம் அலமாரியில் கல்லாகிப் போன நத்தையைப் பார்த்து, "இது கடிச்சா விஷமா?" என்று கேட்டவர். ஆனாலும் பெரியவர். அடுத்து குடும்பத் தலைவர், அதாவது புரொபசர். அதற்குக் கீழே வீட்டில் இப்போது இருக்கிறவர்கள். தனிக்குடித்தனம் போனவர்கள் பெயர் கிடையாது.

"துறைங்கறது ஒரு குடும்பங்க. குடும்பத்துல இருக்கறவங்க பேரைத்தானே போடணும்?" என்பார்.

பிறர் உழைப்பைத் திருட வேண்டும் என்று நினைக்கிற ஆளல்ல அவர். மரியாதை என்று மனதார நம்பி, விபூதி இட்டுக்கொள்கிற சிரத்தையோடு செய்தார். அதுதான் பெரிய சங்கடம்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு நீளமான உறையை நீட்டினார். கல்கத்தாவில் அச்சாகும் பத்திரிகையிலிருந்து வந்த புரூப். அரியலூர்ப் பக்கத்து ஓடை ஒன்றில் பாறை அடுக்குகள் இதுவரை நினைத்த வரிசையில் இல்லை, ஒரு மெல்லிய அடுக்கு மேலேயுள்ள தொகுதியைச் சேர்ந்தது என்று நிறுவுகிற கட்டுரை.

"பிழை பாத்து அனுப்புங்க. உங்க பேரும் இருக்குது பாருங்க."

பார்த்தேன். பிரின்சிபால், புரொபசர், நான். என் பெயர் அச்சில்! கல்யாணத்தன்றுகூட அப்படி எனக்கு வியர்த்ததில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இதுல என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. படித்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கம் புரிந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து கட்டுரை எனக்கு அந்நியமாகிவிட்டது. படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சிப்பியும் வரிவரியாக வரைந்திருந்தது. அந்தக் கைவண்ணம் எனக்குத் தெரியும்; என் மேஜை இழுப்பறை முழுக்க அதே கோடுகள். வாயால் சொல்லி அடிக்க வைத்தது புரொபசர் என்றாலும், உள்ளே இருந்த வேலை முழுக்க முழுக்க சவரிமுத்துவுடையது. அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: படங்கள் வரைய உதவியமைக்கு நன்றி. ஸ்டூல், சாவிக்கொத்து வரிசையில் கட்டுரையும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் புரொபசர் இன்னொரு செய்தி சொன்னார். கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் அந்த ஓடையைப் பார்க்க வருகிறார். அவரும் புரொபசரும் பெரம்பலூர் டிராவலர்ஸ் பங்களாவில் தங்குவார்கள். "நீங்கதான் ஓடையைக் காட்டணும்."

நான் அந்த ஓடையைப் பார்த்ததே இல்லை. அரியலூரையே ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் வடை வாங்குகிற மும்முரத்தில். ஆக, யார் இடத்தில் உட்கார்ந்திருந்தேனோ அவரிடமே போய், உங்கள் ஓடையை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டிய நிலைமை. வருகிறேன் என்று ஒரு கார்டு போட்டுவிட்டு, வெட்கமில்லாமல் போனேன். வெட்கத்தைவிட பயம் பெரிதாக இருந்தது.

சவரிமுத்து வரதராஜன்பேட்டைக்காரர். ஆள் ஆறடி. அடக்கம் என்பது அவர் ஊரில் விற்பனைக்கு வரவில்லை. ஸ்டேஷனிலேயே சைக்கிளோடு நின்று, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"வாங்க நடேசன் சார்! என் ஸ்டூலு எப்படி இருக்குது? ஒரு காலு ஆடுமே, உங்களைத் தள்ளி விட்டுச்சா?"

பின்னால் உட்கார வைத்து மிதித்தார். வழி நெடுகப் பேச்சு. மதராஸில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருக்கிறதாம், விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். அச்சான கட்டுரை ஒன்று காட்டியே ஆக வேண்டுமாம், புரூப் காட்டினாலும் போதுமாம். "அது மட்டும் வந்துடுச்சுன்னா இந்தக் குவாரித் தூசிக்கு ஒரு கும்புடு. ஆமா, புரூப் வந்துச்சா?"

"வ... வரும்ங்க" என்றேன். புரூப் என் தோள் பையில் இருந்தது. சைக்கிள் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது என் முதுகில் அறைந்தது.

ஓடை வறண்டு கிடந்தது. இரு கரையிலும் சப்பாத்திக்கள்ளி. சவரிமுத்து உள்ளே இறங்கினதும் வேறு மனிதராகிவிட்டார். சத்தம் குறைந்தது. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். இங்கே மஞ்சள் களி, இதற்கு மேல் மணல், இரண்டுக்கும் நடுவில் கைப்பிடி அகலத்துக்கு ஓர் அடுக்கு. அதில் விரலை வைத்து, "இதுக்குத்தான் மூணு கோடை வெயில் தின்னேன். நம்ம பேப்பர்ல மூணாவது படம் இந்த இடந்தான்" என்றார்.

நம்ம பேப்பர் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் அவர் கையில் சுத்தியல் இருந்தது. ஆகவே "அந்தப் பக்கம் எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்" என்று சொல்லி, ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் ஏறி, ஒரு கள்ளிப் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அங்கிருந்து கத்தினேன்.

"சவரிமுத்து சார்! புரூப் வந்துடுச்சு! அதுல உங்க பேரு இல்லீங்க!"

"என்னது?"

"உங்க பேரு இல்லே! என் பேரு இருக்குது!"

ஓடைக்கு எதிரொலி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. என் பேரு இருக்குது, இருக்குது, இருக்குது என்று அது மூன்று முறை சொல்லிற்று.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் ஓடியிருப்பேன். அதற்குத் தகுந்த இடமாகப் பார்த்துத்தான் நின்றிருந்தேன்.

"எங்கியுமே இல்லியா?"

"நன்றியில இருக்குதுங்க. படம் வரைய உதவினதுக்கு."

"என் ஓடைக்கு எனக்கே நன்றியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் புதரிலிருந்து வெளியே வந்தேன். முள் குத்தியது அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி சலேத்மேரி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே பரிமாறினார். சவரிமுத்து நேரே போய் புரொபசரை நாலு கேள்வி கேட்கப்போவதாகக் குதித்தார்.

"நீங்க கேட்டா நாலு கேள்வியோட நிக்காது. சும்மா இருங்க" என்றார் சலேத்மேரி. என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தக் கட்டுரை நீங்க எழுதுனீங்களா?"

"இல்லீங்க."

"ஓடையை முன்னப்பின்னப் பாத்திருக்கீங்களா?"

"இன்னைக்கித்தாங்க."

"அப்ப இதையே போயி அவருகிட்ட சொல்லுங்க. ரெண்டு வார்த்தை. இதுல என்ன கஷ்டம்?" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

அந்த இரண்டு வார்த்தையைச் சுமந்துகொண்டு மறுநாள் பெரம்பலூர் பஸ் ஏறினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரி அடுப்பில் ஓடிய காலம். மேட்டில் ஏறும்போது எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, மன்னிக்கணும்' என்று ஒன்று. 'என் ஜாதகத்தில் பெயர் அச்சில் வந்தால் கண்டம் என்று இருக்கிறது' என்று ஒன்று. அதைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஜாதகத்துல என்ன வேணா இருக்கட்டும், நல்லாத் தள்ளுங்க சார்" என்றார்.

பங்களாவில் புரொபசர் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் போட்டு வைத்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. சவரிமுத்து பேரு, சவரிமுத்து பேரு என்று இரண்டு தடவை சொன்னேன்.

"அவருதான் நம்மள விட்டுப் போயிட்டாருங்களே. தனிக்குடித்தனம் போனவரு பேரைப் பத்திரிகையில போடற வழக்கம் உண்டா?"

"சார், பத்திரிகையில யாரு பேரு வேணாலும் போடலாங்க. மாப்பிள்ளை பேரை மாத்திப் போடலாமாங்க? மாப்பிள்ளை இடத்துல என் பேரு இருக்குது. நாளைக்கி அந்தக் கல்கத்தாக்காரர் வந்து தாலி கட்டுன்னா நான் எங்கங்க போவேன்?"

இது ஒத்திகையில் இல்லாதது. பயத்தில் தானாக வந்தது. புரொபசர் கத்தியைக் கீழே வைத்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடியை எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்தார்.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க சார்."

மறுபடி கத்தியை எடுத்தார். "சரி. சவரிமுத்து பேரைச் சேத்துடலாம். உங்க பேரும் இருக்கட்டும். உங்க வேலையை நிரந்தரம் பண்ண கமிட்டி முன்னால நான் ஏதாச்சும் வைக்கணும். உங்ககிட்ட வேற என்ன இருக்குது?"

அப்போதுதான் புரிந்தது: எனக்கு உபகாரம் செய்யத்தான் பெயரைப் போட்டிருக்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை. சவரிமுத்துவுக்கு மதராஸ், எனக்கு வேலை, புரொபசருக்கு மனநிம்மதி. "ரொம்ப சரிங்க சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போயிற்று.

மறுநாள் ஓடைக்கு எல்லோரும் போனோம். சவரிமுத்துவும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தன் பெயர் ஏறுகிறது என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. என் பெயர் பற்றி, "இருந்தா இருந்துட்டுப் போவுது" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

கல்கத்தா நிபுணர் ஒல்லியாக, கால்சட்டையும் தொப்பியுமாக இருந்தார். ஓடையின் நடுவில் நின்று இங்கிலீஷில் கேட்டார்: "இந்த இரண்டு தொகுதியும் சேருகிற இடத்தை உங்களில் யார் கண்டது? எங்கே?"

சவரிமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் புரொபசர், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிற நல்லெண்ணத்தில், "நடேசன் காட்டுவார்" என்று சொல்லிவிட்டார்.

நேற்று முன்தினம் பார்த்த இடம்தானே? ஆனால் அன்று நான் சுவரைப் பார்த்ததைவிட சுத்தியலைத்தான் அதிகம் பார்த்திருந்தேன். எல்லாச் சுவரும் ஒரே சுவராகத் தெரிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு கறுப்புக் கோட்டின்மேல் கையை வைத்து, பல கோடி வருஷங்களுக்கு முன் கடல் ஏறி இறங்கினதன் எல்லை இது என்று இங்கிலீஷில் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். நிபுணர் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

சவரிமுத்து எவ்வளவோ அடக்கிக்கொண்டார். முடியவில்லை. "ஐயோ, அது போன வருஷம் வெள்ளம் ஏறுன கறைங்க" என்றார்.

அதற்குப் பிறகு மூடி மறைக்க என்ன இருக்கிறது? "ஐயா, நான் இந்த ஓடையை முந்தாநாள்தான் முதல் தடவை பார்த்தேன். கட்டுரையில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. இதைக் கண்டது, அளந்தது, வரைந்தது எல்லாம் இவர்" என்று நிபுணரிடம் சொன்னேன். நிபுணர் தொப்பியைச் சற்றுத் தூக்கினார், எனக்கா வெள்ளத்துக்கா தெரியாது. பிறகு சவரிமுத்துவின் பக்கம் திரும்பினவர் பொழுது சாயும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது புரொபசர் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். புரூப்பை வாங்கி, மடியில் வைத்து, பச்சை மைப் பேனாவைத் திறந்தார். சவரிமுத்துவின் பெயரை எழுதினார். என் பெயரை அடித்தார். அடித்துவிட்டு, பிரின்சிபால் பெயரின்மேல் பேனாவை நிறுத்தினார். மாடு நாலு எட்டு வைத்தது.

"என்னங்க நடேசன் சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்."

"உங்களுக்கு வெள்ளக் கறையாவது தெரிஞ்சுது. அவரு ஓடைக்கே வரலியே" என்று சொல்லி அதையும் அடித்தார். பிறகு தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்புக்குறி போட்டு இரண்டாவதாக இறக்கினார். வாழ்நாளில் அவர் பச்சை மை இவ்வளவு செலவழித்து நான் பார்த்ததில்லை.

"கமிட்டிக்கு இப்ப என்னங்க காட்டறது?" என்றார், தனக்குத்தானே கேட்கிற மாதிரி. பிறகு, "உங்களுக்குன்னு ஒரு ஓடை பாருங்க" என்றார்.

சவரிமுத்து மதராஸ் போனார். நான் மேலும் சில வருஷங்கள் தற்காலிகமாகவே இருந்தேன். லீவு கிடைத்தபோதெல்லாம் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஓடையில் இறங்கி நடந்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒன்றரைப் பக்கக் கட்டுரை ஒன்று தேறியது. தலைப்புக்குக் கீழே ஒரே பெயர். புரொபசர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்வார் என்று பயந்துகொண்டே நீட்டினேன். படித்தார், கமாவைத் திருத்தினார், திருப்பிக் கொடுத்தார். வேலையும் நிரந்தரமாயிற்று.

அந்தக் கட்டுரையை யாராவது படித்தார்களா என்று வெகுகாலம் தெரியவில்லை. பிறகு ஒரு பத்திரிகையில் மறுப்பு வந்தது. ஆலத்தியூர் ஓடையில் நான் சொன்ன அடுக்கு வரிசை தவறு, மணல் அடுக்கைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று, பத்தி பத்தியாக ஆதாரத்தோடு. என் பெயரை முதலெழுத்து விடாமல் முழுசாகப் போட்டு, பக்க எண் குறிப்பிட்டு, அடியில் குறிப்பும் கொடுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அந்தத் தவறு என்னுடையதுதான் என்று நிலைநாட்டியிருந்தார் எழுதியவர். அவர் பெயரைப் பார்த்தேன்: சவரிமுத்து.

மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொன்னேன். எல்லாம் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.